3 சதவீத சலைன் கைச் சிரையில் ஓடும்போது: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர்களுக்கும் இரவுப் பணி மருத்துவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சோடியம் அடிமட்டத்துக்கு இறங்கி வலிப்பு வந்தவர்களுக்கும், மூளை வீங்கிக் கண்பாவை விரியத் தொடங்கியவர்களுக்கும் 3 சதவீத சலைனைக் கைச் சிரை வழியாகவே பலமுறை கொடுத்திருக்கிறேன். அப்போது திரும்பத் திரும்ப வந்த கோளாறுகள் ஏறக்குறைய ஒரே ஏழெட்டுதான். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே வைக்கிறேன்.

இது 3 சதவீதத்துக்கு மட்டும். 23.4 சதவீதக் கரைசல் லிட்டருக்கு 8,000 மில்லியாஸ்மோல் (கரைசலின் செறிவைச் சொல்லும் அளவு). அது கைச் சிரைக்கு உரியது அல்ல, வார்டு அலமாரியில் இருக்கவே கூடாது. பாட்டிலில் எழுதியிருப்பதை இரண்டு பேர் வாய்விட்டுப் படித்த பிறகுதான் மாட்ட வேண்டும். 0.9 சதவீதப் பாட்டிலும் 3 சதவீதப் பாட்டிலும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலிப்பு நிற்காத நோயாளியை வைத்துக்கொண்டு, சென்ட்ரல் லைன் (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரை வரை செல்லும் குழாய்) போட்ட பிறகு சலைன் தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கழுத்தில் அந்த லைனைப் போடத் தலையைத் தாழ்த்திப் படுக்கவைக்க வேண்டும். மூளை அழுத்தம் ஏறியவருக்கு அதுவே தீங்கு. கைச் சிரையில் 900 மில்லியாஸ்மோலுக்கு மேல் வேண்டாம் என்று நமக்குச் சொல்லித்தந்தார்கள். 3 சதவீத சலைன் 1,027. ஆனால் யாரும் யோசிக்காமல் கைச் சிரையில் விடும், மூளை வீக்கத்துக்கான 20 சதவீத மானிட்டால் ஏறக்குறைய 1,100, சர்க்கரை இறங்கியவருக்கு அவசரமாக ஏற்றும் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 1,200ஐத் தாண்டும். பார்த்தவரை பெரும்பாலான சிக்கல்கள் மோசமான சிரையைத் தேர்ந்தெடுத்ததாலும், தேர்ந்தெடுத்த பிறகு அதைத் திரும்பிப் பார்க்காததாலும் வந்தவை.

தொடங்குமுன் ஒரு நிமிடம்

பச்சை (18) அல்லது இளஞ்சிவப்பு (20) கானுலா (சிரைக்குள் இருக்கும் மெல்லிய குழாய்), முன்கையின் நேரான, அகலமான சிரையில். புறங்கை, மணிக்கட்டு, பாதம் வேண்டாம். முழங்கை மடிப்பு அவசரத்துக்கு ஆகும். ஆனால் நோயாளி கையை மடக்குவார் என்பதை நினைவில் வையுங்கள். செயலிழந்த கை, டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள கை, மார்பக அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கை ஆகியவற்றைத் தொட வேண்டாம். 10 மி.லி. சாதாரண (0.9 சதவீத) சலைனைச் செலுத்தும்போது மறுகை விரல்களைக் கானுலா நுனிக்கு மேல் வைத்திருங்கள்; தோலுக்கடியில் புடைத்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். ஒளி ஊடுருவும் ஒட்டுப்பட்டை போடுங்கள், பஞ்சு வைத்து மூடாதீர்கள். ரத்த அழுத்தக் கஃப் மறுகையில். சலைன் ஓடும் கை போர்வைக்கு வெளியே.

## அறிகுறி 1: தொடங்கியவுடன் "எரிகிறது" என்கிறார்

"சிஸ்டர், கை எரிகிறது" என்று நோயாளி சொன்னால் அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் மிக முந்தைய எச்சரிக்கை. "உப்பு மருந்து, அப்படித்தான் இருக்கும்" என்று பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பம்பை நிறுத்திவிட்டுக் கையைப் பாருங்கள்.

வீக்கமும் இல்லை, சிவப்பும் இல்லை. பெரும்பாலும் வேகம்தான் காரணம். தொடர்ந்து ஓடும் சொட்டு என்றால் மருத்துவரிடம் சொல்லி வேகத்தைக் குறையுங்கள். வலிப்புக்காக 10 நிமிடத்தில் கொடுக்கும் 100 மி.லி. அல்லது 20 நிமிடத்தில் கொடுக்கும் 150 மி.லி. என்றால் எரிச்சலுக்காகப் பாதியில் விட முடியாது. பக்கத்திலேயே நின்று, சிரையை விரலால் தடவிப் பார்த்தபடி முடியுங்கள். முடிந்ததும் சாதாரண சலைனால் கழுவிவிடுங்கள்.

வேகத்தைக் குறைத்தும் எரிகிறது. கானுலா நுனி சிரைச் சுவரிலோ வால்விலோ முட்டிக்கொண்டிருக்கலாம். கையின் கோணத்தை மாற்றிப் பாருங்கள். அல்லது சிரைக்குக் கானுலா மிகப் பெரியது: சிரையின் அகலத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் கானுலா இருக்க வேண்டும், சுற்றிலும் ரத்தம் ஓடினால்தான் உப்பு நீர்த்துப்போகும். அந்தச் சிரையோடு போராடாமல் வேறு சிரைக்கு மாறுங்கள்.

எரிச்சலோடு வீக்கம். அறிகுறி 3க்குப் போங்கள்.

எரிச்சலோடு சிரை நெடுகச் சிவப்பு. அறிகுறி 4.

## அறிகுறி 2: பம்ப் அடைப்பு அலாரம் அடிக்கிறது

நோயாளியின் கையிலிருந்து பம்ப் வரை குழாயை விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். மூடிய கிளாம்ப், ஒட்டுப்பட்டைக்கடியில் மடிந்த குழாய், மடக்கிய முழங்கை, கட்டில் கம்பிக்கிடையில் சிக்கிய குழாய் என இந்த வரிசையில் பார்த்தாலே பாதி அலாரங்கள் தீரும். யாராவது கஃப்பை அதே கைக்கு மாற்றிவிட்டார்களா என்றும் பாருங்கள். கஃப் ஊதும் ஒவ்வொரு முறையும் உப்பு சிரைக்குள்ளேயே தேங்கி நிற்கும்.

எதுவும் இல்லையென்றால் கானுலாவுக்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். 10 மி.லி. சிரிஞ்சில் மெதுவாக உறிஞ்சிப் பாருங்கள். ரத்தம் வரவில்லை, மென்மையாகச் செலுத்தினால் நகரவும் இல்லை என்றால் அந்தக் கானுலாவின் வேலை முடிந்தது. சின்ன சிரிஞ்சை எடுத்து அழுத்தித் தள்ளாதீர்கள். பம்பின் அழுத்த வரம்பை உயர்த்தி அலாரத்தை அடக்குவதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

## அறிகுறி 3: பம்ப் அமைதியாக ஓடுகிறது, கை வீங்குகிறது

இந்தக் குறிப்பை எழுத வைத்ததே இந்த அறிகுறிதான்.

நான் இந்தப் பணிக்கு வந்த புதிதில், மயக்கத்தில் இருந்த ஒருவருக்குப் புறங்கைக் கானுலாவில் 3 சதவீத சலைன் ஓடிக்கொண்டிருந்தது. குளிர்கிறதோ என்று போர்வையை இழுத்து மூடியது நான்தான். பம்ப் இரவு முழுக்க ஒருமுறைகூட அலறவில்லை. மணிக்கு மணி ஓடிய அளவைக் குறித்துக்கொண்டே வந்தேன். அதிகாலை நான்கு மணிக்குத் திருப்பிப் படுக்கவைப்பதற்காகப் போர்வையை விலக்கியபோது விரல் முட்டிகளே தெரியவில்லை. தோல் மினுமினுத்தது. அடையாளப் பட்டை மணிக்கட்டில் வரம்பு வெட்டியதுபோல் பதிந்திருந்தது. தொட்டால் சில்லென்று, பிசைந்த மாவு இறுகியதுபோல் இருந்தது. அறுவை மருத்துவர் வந்து இரண்டு நாள் கண்காணித்தார், கத்தி வைக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரு நாணயம் அளவுக்குத் தோல் கறுத்து உரிந்து, ஆறுவதற்குப் பல வாரங்கள் ஆயின. அவருக்கு நினைவு திரும்பிய பிறகு அந்தக் கட்டைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைவிட்டு இன்னும் போகவில்லை.

பம்ப் ஏன் அலறவில்லை? தோலுக்கடியில் உள்ள தளர்வான திசு நீரை எளிதாக வாங்கிக்கொள்ளும், எதிர்ப்பே காட்டாது. அடைப்பைக் கண்டுபிடிக்கச் செய்த அலாரம் கசிவைக் கண்டுபிடிக்காது. பின்னோக்கி உறிஞ்சினால் ரத்தம் வருகிறதே என்றும் நிம்மதி அடைய முடியாது: நுனி பாதி உள்ளே, பாதி வெளியே இருந்தாலும் ரத்தம் வரும்.

சந்தேகம் என்றால் செய்யும் சோதனைகள். இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீக்கம், வெளிறல், குளிர்ச்சி, ஒட்டுப்பட்டைக்கடியில் ஈரம் ஆகிய நான்கையும் தேடுங்கள். பிறகு 3 சதவீத சலைனை நிறுத்தி, சாதாரண சலைனைப் பம்ப் இல்லாமல் சொட்டாக மாட்டி, கானுலா நுனிக்கு மேலே சிரையை விரலால் அழுத்துங்கள். சிரைக்குள் இருந்தால் சொட்டு நிற்கும் அல்லது வெகுவாகக் குறையும். அழுத்தியும் அதே வேகத்தில் சொட்டினால் நீர் வேறெங்கோ போகிறது. வீக்கம் கண்ணுக்கே தெரிந்தால் இந்தச் சோதனையும் வேண்டாம். நேரே அடுத்த வேலைக்குப் போங்கள்.

கசிவு உறுதியானால். பம்பை நிறுத்துங்கள். குழாயைக் கழற்றுங்கள், கானுலாவை அப்படியே விடுங்கள். சின்ன சிரிஞ்சால் வருகிற அளவு நீரை உறிஞ்சி எடுங்கள். எக்காரணம் கொண்டும் உள்ளே கழுவாதீர்கள். கழுவினால் தேங்கிய உப்பை இன்னும் ஆழத்துக்குத் தள்ளுகிறீர்கள். மோதிரம், வளையல், அடையாளப் பட்டை எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள், பத்து நிமிடம் கழித்து வெட்டித்தான் எடுக்க முடியும். வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் வரைந்து நேரத்தை எழுதுங்கள். மருத்துவரைக் கூப்பிடுங்கள்: ஹயலுரோனிடேஸ் (தேங்கிய நீர் பரவி உறிஞ்சப்பட உதவும் நொதி) ஊசி போடுவதாக இருந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் போட்டால் பலன் அதிகம், சில இடங்களில் அதே கானுலா வழியாகவும் போடுவார்கள், அதனால்தான் கானுலாவை அவசரப்பட்டு உருவ வேண்டாம் என்கிறேன். அந்த முடிவு தெரிந்த பிறகு கானுலாவை எடுத்து, அழுத்தாமல் மூடி, கையை இதய மட்டத்துக்கு மேல் உயர்த்தி வையுங்கள். குளிர் ஒத்தடமா வெப்ப ஒத்தடமா என்பதில் உங்கள் பிரிவின் நெறிமுறைப்படி நடங்கள். ஈரமான சூட்டு ஒத்தடம் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நலிந்த தோல் ஊறிப்போகும்.

இவ்வளவு நடக்கும்போதும் மறுகையில் வேறொருவர் புதிய கானுலா போட்டுக்கொண்டிருக்க வேண்டும். கையைக் காப்பாற்றும் பரபரப்பில் நோயாளிக்கு உப்பு நின்றுபோனதை எல்லோரும் மறந்துவிடுவது நடக்கிறது.

அறுவை மருத்துவரை உடனே கூப்பிடும் நேரம். வீக்கத்துக்குப் பொருந்தாத கடும் வலி, விரல்களை நீங்கள் மெதுவாக நீட்டிவிடும்போது அலறும் வலி, கல்போல் இறுகிய முன்கை, மரத்துப்போதல், கொப்புளம், கறுப்பு அல்லது திட்டுத்திட்டான வெளிறல், வரைந்த எல்லை தொடர்ந்து விரிதல். இவற்றில் ஒன்று போதும். மணிக்கட்டில் நாடி துடிக்கிறதே என்று தாமதிக்காதீர்கள்: கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமில் (தசை உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடும் நிலை) நாடி கடைசியாகத்தான் மறையும். மயக்கத்தில் இருப்பவரும் தூக்க மருந்தில் இருப்பவரும் வலியைச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குக் கை இறுகினாலே கூப்பிடுங்கள்.

அப்படியானால் எத்தனை முறை பார்ப்பது? வேகமாகக் கொடுக்கும்போது கண்ணை எடுக்கக் கூடாது. தொடர்ந்து ஓடும்போது குறைந்தது மணிக்கு ஒருமுறை, பார்த்தும் தொட்டும், மறுகையோடு ஒப்பிட்டும். "ஓடிய அளவு 40 மி.லி." என்று எழுதும் அதே வரியில் "இடம் நன்றாக இருக்கிறது" என்று எழுத முடிய வேண்டும், பார்க்காமல் அதை எழுதக் கூடாது.

## அறிகுறி 4: சிரை நெடுகச் சிவப்புக் கோடு, தொட்டால் வலி

கானுலா வாயில் மட்டும் லேசான சிவப்பும் லேசான வலியும் என்றால் இன்னும் அடிக்கடி பாருங்கள். வலி, சிவப்பு, வீக்கம் இவற்றில் இரண்டு சேர்ந்துவிட்டால் கானுலாவை எடுத்துவிட வேண்டும், வேறு சிரை கிடைக்கவில்லை என்பது காரணமாகாது. சிரை கயிறுபோல் கையில் தட்டுப்பட்டால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறது. சீழ், காய்ச்சல், அக்குள் வரை ஏறும் சிவப்பு என்றால் கிருமித் தொற்று. அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். எடுத்த பிறகும் இரண்டு நாள் அந்த இடத்தைப் பாருங்கள், சில சிரைகள் கானுலா போன பின்புதான் சிவக்கின்றன.

## அறிகுறி 5: சலைன் போய்விட்டது, சோடியம் ஏறவில்லை

கிலோவுக்கு 1 மி.லி. 3 சதவீத சலைன், சோடியத்தை லிட்டருக்குச் சுமார் 1 மில்லிமோல் உயர்த்தும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 150 மி.லி. போனால் 2 முதல் 3 வரை ஏற வேண்டும். அசையவே இல்லையென்றால் முதலில் கையைப் பாருங்கள்: உப்பு தோலுக்கடியில் உட்கார்ந்திருக்கலாம். அடுத்து பாட்டிலைப் பாருங்கள்: 0.9 சதவீதம் மாட்டியிருக்கலாம். மூன்றாவதாக, மறுகையில் டெக்ஸ்ட்ரோஸ் சொட்டோ, மருந்து கலக்கிய ஐந்தாறு டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில்களோ ஓடுகின்றனவா, மூக்குக் குழாயில் வெறும் தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று பாருங்கள். காலையில் ரத்த வாயு இயந்திரத்திலும் மாலையில் ஆய்வகத்திலும் பார்த்த எண்களை ஒப்பிட்டுக் குழம்பவும் வேண்டாம். ஒரே முறையில் எடுத்த எண்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஏறவில்லை, வலிப்போ மயக்கமோ தொடர்கிறது என்றால் அடுத்த பாட்டிலை நீங்களாகவே மாட்டாதீர்கள். மூத்த மருத்துவர் முடிவெடுக்க வேண்டிய இடம் அது.

## அறிகுறி 6: சோடியம் திடீரென எகிறிவிட்டது

ரத்தம் எந்தக் கையில் எடுத்தீர்கள்? சலைன் ஓடும் கையில், அதுவும் கானுலாவுக்கு மேலே எடுத்திருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். சோடியமும் குளோரைடும் சேர்ந்து ஏறி, பொட்டாசியமும் கால்சியமும் ஹீமோகுளோபினும் சேர்ந்து இறங்கியிருந்தால் மாதிரியில் சலைன் கலந்திருக்கிறது. மறுகையில் எடுத்து உடனே திரும்ப அனுப்புங்கள். அதுவரை உப்பு நிற்கட்டும்.

மறுகையிலும் அதே எண். உண்மையாகவே ஏறிவிட்டது. முதல் 24 மணி நேரத்தில் 10 மில்லிமோலுக்கு மேல் ஏறக் கூடாது. சோடியம் 105 அல்லது அதற்குக் கீழே இருந்தவர், மதுப்பழக்கம் உள்ளவர், ஊட்டச்சத்துக் குறைந்தவர், ஈரல் நோயாளி, பொட்டாசியம் குறைந்தவர் என்றால் 8 தான் எல்லை. சிறுநீர்ப் பையைப் பாருங்கள்: மணிக்கு 100 மி.லி.க்கு மேல், தண்ணீர்போல் வெளுத்து வந்தால் உடல் தானாகவே தண்ணீரைக் கொட்டுகிறது, உப்பை நிறுத்தினாலும் சோடியம் ஏறிக்கொண்டே போகும். இது காத்திருக்கிற விஷயம் அல்ல. மூத்த மருத்துவரை எழுப்புங்கள். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸும், சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோபிரெசினும் தேவையா என்று அவர் முடிவெடுப்பார். பொட்டாசியம் ஏற்றிக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், அதுவும் சோடியத்தை உயர்த்தும்.

எல்லை மீறியதன் விலை அன்றைக்குத் தெரியாது. நோயாளி தெளிந்து பேசுவார், எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில நாட்கள் கழித்துப் பேச்சு குழறும், விழுங்க முடியாது, கைகால் தளரும். அதனால் வேகமாகக் கொடுத்த ஒவ்வொரு முறைக்குப் பிறகும், அதன் பின் சில மணி நேரத்துக்கு ஒருமுறையும் சோடியம் பாருங்கள்.

## அறிகுறி 7: மூச்சு வாங்குகிறது, ரத்த அழுத்தம் ஆடுகிறது

உப்பு, தண்ணீரை ரத்தக் குழாய்க்குள் இழுக்கும். பலவீனமான இதயமும் சிறுநீர் வராத சிறுநீரகமும் அதைத் தாங்காது. நிறுத்தி, தலையை உயர்த்தி, ஆக்சிஜன் அளவைப் பார்த்து, நெஞ்சைக் கேட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். மிக வேகமாகச் செலுத்தினால் ரத்த அழுத்தம் சற்று நேரம் இறங்குவதும் உண்டு. பெரும்பாலும் நிறுத்தியதும் மீளும்.

அழுத்தத்தைத் தாங்க நார்அட்ரினலின் ஓடும் அதே லைனில் சலைனை இணைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். சலைனை வேகமாக்கும்போது குழாயில் இருந்த நார்அட்ரினலின் மொத்தமாக உள்ளே போகும்: முதலில் அழுத்தம் எகிறும், பிறகு விழும். உப்புக்குத் தனிச் சிரை வேண்டும்.

## அறிகுறி 8: குழாயில் வெள்ளைப் படிகம் அல்லது கலங்கல்

மூளை அழுத்த நோயாளிக்கு மானிட்டாலும் உப்பும் அடுத்தடுத்து வரும். இரண்டும் ஒரே குழாயில் சந்தித்தால் மானிட்டால் படிகமாகலாம். பூஞ்சைத் தொற்று மருந்தான ஆம்ஃபோடெரிசின் பி எந்தச் சலைனோடும் சேராது. கலங்கல் தெரிந்தால் குழாயையும் கானுலாவையும் மாற்றுங்கள். கழுவி உள்ளே அனுப்பாதீர்கள்.

## கைச் சிரையை விட்டுவிட வேண்டிய நேரம்

இரண்டாவது கானுலாவும் கசிந்துவிட்டது. நல்ல முன்கைச் சிரையே கிடைக்கவில்லை. உப்பு நாள் கணக்கில் ஓடப்போகிறது. நோயாளி கையைக் கட்டுப்படுத்த முடியாமல் உதறுகிறார். மணிக்கு ஒருமுறை வந்து பார்க்க ஆள் இல்லை. இவற்றில் எது வந்தாலும் சென்ட்ரல் லைன் கேளுங்கள். கடைசிக் காரணத்தைச் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படாமல் சொல்லுங்கள், ஒரு செவிலியர் நான்கு படுக்கைகளைப் பார்க்கும் இரவில் அதுதான் மிகச் சரியான மருத்துவக் காரணம். உயிர் போகும் அவசரத்தில் சிரையே கிடைக்கவில்லை என்றால் எலும்பு மஜ்ஜை ஊசி வழியாகத் தொடங்கிவிட்டு, லைன் போடத் தெரிந்தவரை அழைக்கலாம்.

லைன் போட்டு உப்பை மாற்றியதும் பழைய கானுலா கையில் மறந்துபோய் நிற்கும். அதை எடுத்துவிடுங்கள். எந்தக் கை, எந்த இடம், எத்தனை மணி நேரம் உப்பு ஓடியது என்பதை எழுதி, அடுத்த பணிக்கு வருபவரைப் படுக்கைக்கு அழைத்துச் சென்று அந்தக் கையைத் தொட்டுக் காட்டுங்கள். நோயாளி வார்டுக்கு மாறினால் அங்கே இருப்பவரிடமும் உறவினரிடமும் சொல்லிவிடுங்கள்: இன்னும் இரண்டு நாள் இந்த இடத்தில் வலி, நிறமாற்றம், கொப்புளம் எது வந்தாலும் எங்களைக் கூப்பிடுங்கள்.